வைத்தியருக்குப் பாடம் சொன்னவர் யார்?

"வைத்தியர்களுக்குப் போதிய பயிற்சி இருக்கவில்லை, அதனாலேயே இத்தனை உயிர்கள் பலியாகின" என்றொரு சமாதானம் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து சில ஆண்டுகளாக ஓயாது ஒலித்துவருகின்றது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு 1,00,000 பேருக்கு மேல் போதைப்பொருள் மிகையால் மாண்ட நாடு அது. 2024 இல் அத்தொகை ஏறக்குறைய 80,000 ஆகக் குறைந்ததைப் பெரும் வெற்றியாகக் கொண்டாட வேண்டிய நிலையில் அந்நாடு இருக்கின்றது. எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்க மருந்து உண்டு. அபின் இனப் பொருள்களின் பிடியைத் தளர்த்தவும் மருந்து உண்டு. இரண்டும் இருந்தும் அவை நோயாளியின் கையைச் சென்றடையாதது ஏன் என்று கேட்டால், வைத்தியருக்குப் பயிற்சி போதாது என்கிறார்கள். அதிகாரிகளும் சொல்கிறார்கள், பேராசிரியர்களும் சொல்கிறார்கள், மருந்துக் கம்பனிகளும் கூச்சமின்றிச் சொல்கின்றன.

இச்சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. பயிற்சி இருக்கவில்லை என்பது பொய். பயிற்சி தாராளமாக இருந்தது. இலவசமாக, விருந்தோடும் விமானச் சீட்டோடும் இருந்தது. அதை அளித்தவர் யார், எதற்காக அளித்தார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1996 ஆம் ஆண்டு பேர்டியூ பார்மா என்னும் கம்பனி ஒக்சிகொன்டின் என்ற நோவு நீக்கும் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபின் இனத்தைச் சேர்ந்த ஒக்சிகோடோன் என்னும் பொருளை 12 மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கசியவிடும் மாத்திரை அது. புற்றுநோயாளரின் பொறுக்கவொண்ணா நோவுக்கு மட்டும் விற்றால் கம்பனியின் ஆசை அடங்காது. முதுகு நோவு, மூட்டு நோவு என்று வருவோருக்கெல்லாம் விற்கவேண்டும். அதற்குத் தடையாக நின்றது வைத்தியரின் அச்சம். அபின் இனம் மனிதனை அடிமைப்படுத்தும் என்று அவர் படித்திருந்தார். ஆகவே அவர் படித்ததை மறக்கச் செய்யவேண்டியிருந்தது. 1996 முதல் 2001 வரை 40 க்கு மேற்பட்ட மாநாடுகளை அக்கம்பனி உல்லாச விடுதிகளில் நடத்தியது. 5,000 க்கு மேற்பட்ட வைத்தியரும் மருந்தாளரும் தாதியரும் கம்பனியின் முழுச் செலவில் போய் வந்தனர். 1996 க்கும் 2002 க்கும் இடையில் கம்பனி நேரே நடத்தியும் மானியம் கொடுத்தும் உருவாக்கிய கல்வி நிகழ்ச்சிகளின் தொகை 20,000 க்கு மேல். 1996 இல் 4.8 கோடி டொலராக இருந்த மாத்திரை விற்பனை 2000 ஆம் ஆண்டளவில் 100 கோடி டொலரைத் தாண்டியது. தான் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு இத்தனை விரைவில் இத்தனை பலன் கண்ட ஆசிரியன் உலகில் வேறு எவன்?

பாடத்துக்குப் பிரமாணம் ஒன்றும் வேண்டுமல்லவா? அதற்கு அகப்பட்டது, 1980 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கடிதம். மொத்தம் 5 வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் தங்கியிருந்து இத்தகைய மருந்து பெற்ற 11,882 நோயாளருள் நால்வரே அடிமைப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்பது அதன் சாரம். வீட்டிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017 இல் அதே சஞ்சிகையில் சிலர் கணக்கெடுத்து வெளியிட்டபோது, அக்கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608 என்றும், அவற்றுள் பெரும்பாலானவை அடிமைப்படல் அரிது என்பதற்கு அதனையே சான்றாக நிறுத்தின என்றும் தெரியவந்தது. மூலத்தைப் புரட்டிப் பாராமல் மேற்கோள் காட்டும் பண்டிதம் நம்மவருக்கு மட்டும் உரிய நோயன்று போலும்.

2007 இல் அக்கம்பனியின் கிளை நிறுவனமும் அதன் தலைமை அதிகாரிகள் மூவரும், மருந்தைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்ற குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். அபராதம் கட்டினர், எவரும் சிறை செல்லவில்லை. 2020 இல் கம்பனி மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட 13 ஆண்டுகளிலும் மாத்திரை விற்பனையாகிக்கொண்டே இருந்தது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். புப்ரினோர்பின் என்றொரு மருந்து உண்டு. அதுவும் அபின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயின் மூளையிலே ஹெரோயின் சென்று பற்றும் இடத்தைத் தானே முந்திப் பற்றிக்கொண்டு, மயக்கத்தை மிகச் சிறிதளவே தந்து, இல்லாத நேரத்து வேதனையை மட்டும் தணிக்கும் இயல்புடையது. குலுக்கலும் வாந்தியும் எலும்பு முறிவது போன்ற நோவும் இன்றி ஒருவன் காலையில் எழுந்து வேலைக்குப் போக அது வழிசெய்கிறது. ஊசி நாடுவது குறைகிறது. ஊசி குறைந்தால் எச்.ஐ.வி. பரவுவதும் குறைகிறது. இம்மருந்தைச் சாதாரண வைத்தியர் தம் நிலையத்திலேயே எழுதிக்கொடுக்கலாம் என 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை சட்டம் இயற்றியது. ஆனால் எழுதுவதற்கு முன் வைத்தியர் 8 மணி நேரப் பயிற்சி பெறவேண்டும். தனி அநுமதி பெறவேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளருக்கு மேல் பார்க்கக் கூடாது. 2016 இல் தாதியர் தரத்தில் உயர்பயிற்சி பெற்றோருக்கும் இவ்வுரிமை வழங்கப்பட்டபோது அவர்களிடம் கேட்கப்பட்டது 24 மணி நேரம்.

அதே வைத்தியர் அதே மேசையிலிருந்து ஒக்சிகொன்டினை எழுதுவதற்குச் சமஷ்டிச் சட்டம் தனியாக ஒரு நிமிடப் பயிற்சியும் கேட்கவில்லை! நோவுக்கு மருந்து வேண்டாம் என்பதன்று எம் வாதம். புற்றுநோயால் துடிப்பவனுக்கு மருந்தை மறுப்பவன் மனிதனல்லன். ஆயினும், அடிமையாக்கக் கூடிய மாத்திரைக்கு வாசல் திறந்திருக்க, அடிமைத்தனத்திலிருந்து மீட்கும் மாத்திரைக்கு மட்டும் வாசலிலே காவற்காரன் நின்றதேன்?

இதன் வேர் பழையது. 1914 இல் ஹரிசன் சட்டம் வந்தது. 1919 இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், அடிமைப்பட்டவனுக்கு அவன் அடிமைத்தனத்தைப் பேணும்படி மருந்து எழுதுவது வைத்தியமே அன்று என்று தீர்த்தது. வைத்தியர் பலர் வழக்குகளில் சிக்கினர். நீதிபதி வைத்தியருக்குச் சொன்ன அந்தப் பாடத்தை அத்தொழில் இன்றும் மறக்கவில்லை. 1965 அளவில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் மெதடோனைக் கொண்டு மனிதரை மீட்கலாம் என்று காட்டியபின்னும் அம்மருந்து குடும்ப வைத்தியரின் கைக்கு வரவில்லை. தனி நிலையங்களுக்குள் அது அடைக்கப்பட்டது. விடியற்காலையில் வரிசையில் நின்று, தாதியின் கண்முன் விழுங்கிவிட்டுப் போகவேண்டும். 2024 இல் விதிகள் ஓரளவு தளர்த்தப்பட்டு, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் அளவு கூடியது உண்மை, வரிசை ஒழியவில்லை. புப்ரினோர்பின் வந்தபின் நேர்ந்தது இன்னொரு வேடிக்கை. காப்புறுதியும் காசும் உள்ள வெள்ளையர் பெரும்பாலும் வைத்தியரின் அறையிலே அம்மருந்தைப் பெற்றனர். கறுப்பரும் ஏழைகளும் மெதடோன் வரிசையிலேயே நின்றனர். ஒரே நோய்க்கு இரண்டு வாசல்! நிறத்தையும் பணப்பையையும் பார்த்து வழிகாட்டும் வைத்தியத்தை எந்தக் கல்லூரிப் பாடநூல் சொல்லிக்கொடுத்தது?

"கட்டுப்பாடு இல்லாவிட்டால் பேராபத்து விளையும்" என்போர் பிரான்ஸ் தேசத்தை ஒருமுறை நோக்குக. 1990 களின் நடுவிலிருந்து அங்கு எந்தக் குடும்ப வைத்தியரும் விசேட அநுமதியின்றிப் புப்ரினோர்பின் எழுதலாம் என்றாயிற்று. 1995 க்கும் 1999 க்கும் இடையில் மிகை மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. ஊசிக்குழல்களும் அங்கு எளிதிற் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முழுப் புகழும் ஒரு மாத்திரைக்குரியதன்று. மருந்து களவாகக் கைமாறியதும் உண்டு. எனினும் அந்நாடு அழிந்துபோகவில்லை. பிழைத்திருப்போர் தொகைதான் கூடியது.

இந்தியானா மாநிலத்தின் ஸ்கொட் மாவட்டத்தில் ஒஸ்டின் என்றொரு சிற்றூர். சனத்தொகை 4,200 அளவு. வேலைகள் போய், மாத்திரைகள் வந்த ஊர் அது. அங்கு மக்கள் நாடியது ஓப்பானா என்னும் நோவு மாத்திரை. அதனைப் பொடியாக்கி மூக்கால் உறிஞ்ச முடியாதபடி கம்பனி 2012 இல் மாற்றியமைத்தது. மக்கள் அதைக் கரைத்து ஊசியால் ஏற்றத் தொடங்கினர். ஒரு குடும்பத்தில் பாட்டியும் மகளும் பேரனும் ஒரே ஊசிக்குழலைப் பகிர்ந்த கதைகளைப் பத்திரிகைகள் எழுதின. ஊசிக்குழல் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு அந்த மாநிலத்தில் சட்டம் இடந்தரவில்லை. சமஷ்டி அரசாங்கமோ 1988 முதல், இடையில் இரண்டாண்டு நீங்கலாக, அத்தகைய ஏற்பாட்டுக்குத் தன் பணத்தில் ஒரு சதமும் செலவிடலாகாது என்று தடைவிதித்திருந்தது. (இந்த விடயத்தில் தாட்சர் அம்மையாரின் அரசாங்கத்துக்கு இருந்த புத்திகூட வாஷிங்டனுக்கு இருக்கவில்லை. எடின்பரோவில் ஊசிக்குழலுக்குத் தட்டுப்பாடு உண்டாக்கி, அங்கே ஊசி ஏற்றுவோரில் பாதிப்பேர் வரை கிருமிக்கு இரையான பின், 1987 அளவில் பிரித்தானியா ஊசிக்குழல் கொடுக்கத் தொடங்கிவிட்டது.) மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரேயொரு குடும்பத்திட்ட நிலையமும் பணமின்றி 2013 இல் மூடப்பட்டது.

2014 நவம்பர் முதல் 2015 நவம்பர் வரையிலான ஓராண்டுக்குள் அங்கே 181 பேருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. முன்னெல்லாம் ஆண்டுக்கு ஐவர்கூட அகப்படாத மாவட்டம். அவர்களுள் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஈரல் அழற்சி 'சி' கிருமியும் இருந்தது. அந்தக் கிருமி ஊசி வழியே பரவுவதென்பது பாடநூல் அறிந்த செய்தி. அதாவது, எச்.ஐ.வி. வருமுன்னரே எச்சரிக்கை மணி அடித்திருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மாநில ஆளுநர் மைக் பென்ஸ் 2015 மார்ச் 26 இல் அவசர நிலையைப் பிரகடனஞ் செய்து ஊசிக்குழல் மாற்றீட்டுக்குத் தற்காலிக இசைவு அளித்தார். இன்னும் முன்பே நடவடிக்கை எடுத்திருப்பின் பெரும்பாலான தொற்றுக்களைத் தடுத்திருக்கலாம் என்று 2018 இல் வெளியான ஆய்வொன்று கணித்துக் காட்டியது.

அவ்வூரில் இருந்த ஒரே வைத்தியர் வில்லியம் குக். 2004 இல் அங்கு வந்து நிலையம் திறந்த குடும்ப வைத்தியர். இத்தகைய வெள்ளத்தைத் தனியாக எதிர்கொள்ளும்படி எந்தக் கல்லூரியும் அவரை ஆயத்தப்படுத்தவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்துத் தொற்றுநோய் நிபுணர்கள் ஊருக்கு வந்து, அவருடைய நிலையத்தில் நோயாளரைப் பார்த்தபடியே கற்பித்தனர், அவரும் கற்றார். அறிவு நோயாளி இருக்கும் இடத்துக்கு நடந்து வந்தது. உல்லாச விடுதி தேவைப்படவில்லை. சில ஆண்டுகளில் அங்குள்ள நோயாளருட் பெரும்பாலோரின் குருதியில் கிருமி அடங்கிற்று. கிருமி அவ்வாறு அடங்கியிருப்பவனிடமிருந்து அவன் துணைவருக்கு உறவின் வழியே நோய் தொற்றுவதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

இந்த இடத்திலே பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசவேண்டும். எட்டு மணி நேரமா, எண்பது மணி நேரமா என்பதன்று பிரச்சினை. எச்.ஐ.வி. வைத்தியர் கிருமியை அறிவார். அதே நோயாளி காலையில் நடுக்கம் தாளாது ஊசி தேடி ஓடுவதால் மாதாந்தச் சந்திப்புக்கு வரவில்லை என்பதை, "ஒழுங்கற்றவன்" என்று கோவையில் எழுதி முடித்துவிடுவார். போதை நிலையத்தாரோ மெதடோனை அளந்து கொடுப்பார். குருதியைச் சோதிக்க நினையார். நோய் வருமுன் காக்கும் மாத்திரை ஒன்று 2012 இல் அங்கீகாரம் பெற்றது. அதை யார் எழுதுவது? நிபுணரிடம் வருபவன் ஏற்கெனவே தொற்றியவன். தொற்றாதவன் செல்வது குடும்ப வைத்தியரிடம். அது நிபுணரின் வேலை என்கிறார் குடும்ப வைத்தியர். அது உங்கள் வேலை என்கிறார் நிபுணர். மாத்திரை கடையிலே கிடக்கின்றது.

ஆஸ்பத்திரி விடுதியில் நிகழ்வது இதனினும் கொடிது. அசுத்த ஊசியால் இதய வால்வில் கிருமி ஏறி ஒருவன் வருகிறான். ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து ஏற்றுகிறார்கள். வேண்டுமாயின் வால்வையே மாற்றுகிறார்கள். எத்துணை அரிய கலை! ஆனால் அவனை அங்கே கொண்டுவந்த நோய்க்கு ஒரு மாத்திரை தர மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வேதனை தாளாது அவன் கட்டிலை விட்டு எழுந்து போகிறான். "வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறினான்" என்று பதிவாகிறது. அவனுக்கு ஆலோசனை சொன்னவர் எவர்?

அவன் சிறுநீரைச் சோதித்துவிட்டு, போதைப்பொருள் இல்லையேல் 'சுத்தம்' என்றும் இருந்தால் 'அழுக்கு' என்றும் சொல்வது அந்நாட்டு வைத்தியர் வாயில் நெடுங்காலம் பழகிய வழக்கு. சுத்தம், அழுக்கு என்னும் சொற்களைக் கொண்டு மனிதரைக் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் நிறுத்தி வைத்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. இந்த வழக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை. மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டுப் பழகுகின்றனர். மணிக்கணக்கில் அளக்க முடியாத இந்தப் பயிற்சியே எல்லாவற்றிலும் வலியது.

நம் தோழர்களிற் சிலர் வேறுவகையாக வாதிப்பர். "வேலையின்மையும் வறுமையுமே நோய்க்கு மூலம், சமுதாயம் மாறாத வரையில் வைத்தியருக்குப் பாடம் சொல்வது புண்ணுக்குப் புனுகு பூசுவதாகும்" என்பர். கேட்பதற்கு உறுதியாக இருக்கின்றது. ஆனால் ஒஸ்டின் ஊரில் ஊசிக்குழல் கிடைக்காத கிழமைகளில் தொற்றியவர்கள் சமுதாய மாற்றத்துக்காகக் காத்திருக்க முடியவில்லை. அதுவன்றியும், அறிவை யார் உற்பத்தி செய்கிறார், யாருக்காகப் பங்கிடுகிறார் என்பது தானே வர்க்கப் பிரச்சினை? அதனை உணர்ந்த ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். பேராசிரியர் சேனக பிபிலை, மருந்தியல் அறிஞராகவும் இடதுசாரியாகவும் இருந்ததோடு, பேராதனையில் வைத்தியக் கல்வியைச் சீரமைக்கப் பாடுபட்டவர். 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைப்பதில் முன்னின்றார். மருந்தை மலிவாக வாங்கியதை மட்டுமே பலர் நினைவுகூர்வர். மருந்தைப் பற்றிய அறிவு கம்பனிக்காரனின் வாயிலிருந்து வைத்தியரின் செவிக்கு வரலாகாது, நடுநிலையான வெளியீடுகள் வழியே வரவேண்டும் என்று அவர் உழைத்தமை அதனினும் பெரிது.

சிறுவயதில் தாயாரோடு ஒரு தனியார் வைத்தியர் வீட்டு விறாந்தையில் நெடுநேரம் காத்திருந்த நினைவு எனக்குண்டு. கழுத்துப் பட்டியும் தோற்பையுமாக வந்த ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். போனவர் நோயாளி அல்லர். வெளியே வரும்பொழுது தோற்பை மெலிந்திருந்தது. அம்மாவுக்கு அன்று எழுதப்பட்ட மருந்து முன்னர் நாம் கேட்டறியாத பெயருடையதாயும் விலை கூடியதாயும் இருந்தது. அத்தோற்பையும் ஒரு பாடசாலையே என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

2022 டிசெம்பர் 29 இல் கைச்சாத்தான சட்டத்தின்படி புப்ரினோர்பினுக்கு வேண்டிய தனி அநுமதி அமெரிக்காவில் ஒழிந்தது. 2023 ஜூன் 27 முதல், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து எழுதும் வைத்தியர் ஏறத்தாழ அனைவரும் ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சி பெறவேண்டும் என்ற விதி வந்தது. நல்லதே; 20 ஆண்டுகள் பிந்தி வந்த நன்மை. ஆயின் நேர்ந்ததென்ன? மருந்தை எழுதும் வைத்தியர் தொகை கூடியது. அதைப் பெறும் நோயாளர் தொகை அதற்கேற்ப உயரவில்லை. காவற்காரன் போய்விட்டான், வீட்டுக்காரருக்கோ விருந்தினரை அழைக்க மனமில்லை. பொத்தானை அழுத்திப் பக்கம் புரட்டிச் சான்றிதழ் வாங்கும் 8 மணி நேரம் அந்த மனத்தைத் தராது.

அந்த மனத்தை ஓரளவேனும் வளர்த்த ஏற்பாடு அந்நாட்டிலேயே இல்லாமற் போகவில்லை. 1987 இல் சமஷ்டி அரசாங்கம் எயிட்ஸ் கல்வி பயிற்சி நிலையங்களைத் தொடங்கியது. பின்னர் அவை ரயன் வைற் பெயரிலான சட்டத்தின் கீழ் வந்தன. ரயன் வைற், அதே இந்தியானா மாநிலத்துச் சிறுவன். குருதி உறையா நோய்க்கான மருந்தின் வழியே கிருமி தொற்றி, 1985 இல் பள்ளிக்கூடம் ஏற்க மறுத்தவன். 1990 இல் 18 வயதில் இறந்தான். அந்நிலையங்கள் வைத்தியருக்கு மட்டுமன்றித் தாதியருக்கும் பல் வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் கற்பித்தன. அபின் இன நோய்க்கான சிகிச்சையையும் எச்.ஐ.வி. பாடத்தோடு இணைத்தன. ஒதுக்குப்புற ஊரொன்றில் தனித்திருக்கும் வைத்தியர், முன்னால் நோயாளியை இருத்திக்கொண்டே, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பல்கலைக்கழக நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து, "இவருக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்க வசதி செய்தன. தமக்குத் தெரியாதென்று ஒரு வைத்தியர் வெட்கமின்றிக் கேட்கக்கூடிய இடம்! 2025 இல் அந்நாட்டு ஜனாதிபதி முன்வைத்த வரவு செலவுத் திட்டம் அந்நிலையங்களுக்கான பணத்தை முற்றாக நீக்குமாறு கோரியது. பயிற்சி போதாது என்று அழுதவர்களின் அரசாங்கமே கேட்டது இது.

ஒஸ்டின் ஊருக்குத் திரும்புவோம். ஊசிக்குழல் நிலையம் அங்கே ஆறாண்டு நடந்தது. புதிய தொற்று ஆண்டுக்குச் சில என்ற அளவுக்கு இறங்கிற்று. குக்கும் சுகாதார அதிகாரிகளும் நிலையம் தொடரவேண்டும் என்று வாதாடினர். 2021 ஜூன் மாதம் மாவட்டச் சபையின் மூவர் கூடி, அதனை ஆண்டு முடிவோடு மூடிவிடத் தீர்மானித்தனர். ஆதரவாக இருவர், எதிராக ஒருவர்.